நியூயார்க் ராகு காலம்

ஃபர்வானியாவில் ஜூன் மாத நடுவில் வெள்ளிக்கிழமை ராகு காலம் காலை பத்து நாலுக்குத் தொடங்கும். ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டரில் பத்தரை முதல் பன்னிரண்டு என்றுதான் அச்சடித்திருப்பார்கள். அது காலை ஆறுக்கு உதித்து மாலை ஆறுக்கு அடையும் சூரியனுக்கான கணக்கு. குவைத்தில் அந்த மாதம் ஐந்து மணிக்கு முன்பே வெயில் வந்துவிடும். ஏழு மணி நெருங்கும் வரை போகாது. அந்த நீண்ட பகலை எட்டாகப் பங்கிட்டு, வெள்ளிக்கு நாலாவது பங்கை எடுக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. நான் செய்வேன். மாதம் ஒரு தாள் எழுதி, நான் ஸ்டோர் கீப்பராக இருக்கும் உதிரிபாகக் கிட்டங்கியில் பிரதி எடுத்து, ஜிலீப்பில் ரூம் போட்டிருக்கும் நம் ஆட்களுக்குக் கொடுத்தனுப்புவேன். 'பத்மநாபன் ஐயா தாள்' என்று அதற்குப் பெயர். பல ரூம்களில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். ஊருக்குப் பணம் அனுப்புவது, லீவுக்கு டிக்கெட் போடுவது எல்லாம் அதைப் பார்த்துத்தான்.

என் அப்பா மானாமதுரை ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் பிந்தலாம், கடிகாரம் பிந்தக் கூடாது என்பார். அவருக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள். நான் மூத்தவன். சேதுமாதவன் எனக்குப் பதினோரு வயது இளையவன். ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேஷன் என்ஜினியர். மனைவி ஷியாமளா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகன் நித்தின் இங்கேயே வளர்ந்து, ஒரு ஷாப்பிங் மாலில் துணிக்கடைக்கு சூப்பர்வைசராக இருக்கிறான். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான்.

என் தாளைக் கேலி செய்யாத ஒரு வெள்ளிக்கிழமையும் சேதுவுக்குக் கிடையாது. "அண்ணே, ராகுவுக்கு குவைத் விசா யாரு எடுத்துக் குடுத்தா? ஸ்பான்சர் கஃபீல் யாரு?" என்பான். நான் பதில் சொல்வதில்லை. அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

கார்மேகம் பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் மொட்டை மாடிகளில் ஏசி மெக்கானிக். ஜூன் மாத வெயிலில் மாடியில் நிற்கும் இயந்திரத்தின் தகடு தோலைப் பிடித்து இழுக்கும். அவருடைய இரண்டு முன்னங்கைகளிலும் அந்தத் தழும்புகள் வரிசையாக இருக்கும். பகல் பதினொன்று முதல் நாலு வரை வெளியில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் வந்த பிறகுதான், மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன் என்பார். கம்பெனி ஆள் குறைத்ததில் அவர் பெயர் வந்துவிட்டது. இருபத்தாறு வருடத்துக்கான செட்டில்மென்ட்டைக் கையில் கொடுத்து, ஜூலை முதல் வாரத்துக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். மனைவி மீனாம்பாள் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். போய் இறங்கியதும் ஒரு வீட்டைக் கட்டிவிட வேண்டும்; மிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை. இந்த வயதில் இன்னொரு விசா யாரும் தர மாட்டார்கள்.

அவருடைய ரூமில் பாண்டித்துரை என்று ஒரு டிரைவர். சேதுவை சைட்டுக்குக் கூட்டிப்போவது அவன்தான். வண்டியில் சேது சொன்ன ஷேர் கதையை அவன் ரூமில் வந்து சொல்லியிருக்கிறான். மே மாதம் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள்: கார்மேகம், பாண்டித்துரை, சாரம் கட்டும் வைரவன்.

"ஐயா, ஒங்க தம்பி என்னமோ அமெரிக்காக் கம்பெனி ஷேருங்கிறார்" என்றார் கார்மேகம். "எனக்கு அதொண்ணும் வெளங்கல. ஆளு நம்பலாமான்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும்."

"எங்க வீட்ல பொறந்தவன்" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவர்களும் வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சேது அவர்களை உட்கார வைத்து விளக்கினான். அமெரிக்காவில் பழைய மரச்சாமான் கடைக் கம்பெனி ஒன்று நொடித்துக் கிடக்கிறது. அது இன்னும் விழும் என்று பந்தயம் கட்டிய பெரிய ஆட்கள், தங்களிடம் இல்லாத பங்கைக் கடனாக வாங்கி விற்று வைத்திருக்கிறார்கள். விழுந்த பிறகு மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. விழாமல் ஏறினால்?

வைரவனுக்குப் புரியவில்லை. பாண்டித்துரைதான் புரிய வைத்தான்.

"டேய், இப்பிடி வச்சுக்க. பக்ரீத்துக்கு ஒரு மாசம் இருக்கு. ஏங்கிட்ட ஒரு கெடாயைக் கடன் வாங்குற. இன்னைக்கு வெலைக்குச் சந்தையில வித்துப்புடுற. பின்னாடி வெல கொறையும், வாங்கிக் கட்டிப்புடலாம்னு நெனப்பு. ஆனா பக்ரீத்து நெருங்க நெருங்க வெல ஏறுது. நான் வந்து, எங்கடா ஏங்கெடாய்ங்கிறேன். நீ என்ன செய்வ?"

"என்ன வெலைன்னாலும் வாங்கித்தான் கட்டணும்."

"ஒன்னய மாதிரி நூறு பேரு ஓடுறாய்ங்க. சந்தையில இருக்கதே அம்பது கெடா. கெடா வச்சிருக்கவன் சொன்னதுதான் வெல."

"அப்ப நம்ம கெடா வச்சிருக்கவனா, கடன் வாங்குனவனா?"

"கெடா வச்சிருக்கவன்டா."

வைரவன் யோசித்தான். "பக்ரீத்து முடிஞ்ச மறுநாளு?"

எல்லோரும் சிரித்தார்கள். சேது மட்டும் சிரிக்கவில்லை. "அதுதான் விஷயம்" என்றான். "எப்ப ஏறும்ங்கிறது எல்லாருக்கும் தெரியும். எப்ப எறங்கணும்கிறதுதான் வித்தை. அதை நான் பாத்துக்கிறேன். ஒண்ணு மட்டும். ஒருத்தர் பயந்து ஓடக் கூடாது. சேந்து ஏறினவங்க சேந்துதான் எறங்கணும்."

கணக்கு அவன் பெயரில். லாபம் வந்தால் ஐந்தில் ஒரு பங்கு அவனுக்கு. வைரவனும் பாண்டித்துரையும் ஏதோ சேமிப்பைக் கொடுத்தார்கள். கார்மேகம் செட்டில்மென்ட்டைக் கொடுத்தார். பதினாலு டாலரில் வாங்கினார்கள். சேதுவும் அதே கணக்கில்தான் போட்டிருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

ஜூன் இரண்டாவது வாரம் அது ஏறத் தொடங்கியது. பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தொன்பது. அமெரிக்கச் சந்தை நமக்கு மாலை நாலரைக்குத் திறக்கும். அங்கே வெள்ளிக்கிழமை வேலை நாள், இங்கே விடுமுறை. மூன்று பேரும் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்.

அன்று காலையிலிருந்தே தூசு. சன்னல் கண்ணாடிக்கு அப்பால் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. வானம் மஞ்சளாக இறங்கி மொட்டை மாடி டிஷ் ஆன்டெனாக்களின் மேல் உட்கார்ந்திருந்தது. ஷியாமளா வெந்தயக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்திருந்தாள். சாப்பிட்ட ஆட்களுக்குப் பால் சேர்க்காத சுலைமானி டீ போட்டாள். நித்தினுக்கு வெள்ளிக்கிழமைதான் கடையில் கூட்டம். அவன் டூட்டிக்குப் போயிருந்தான்.

நாலரைக்கு முப்பத்துமூன்றில் திறந்தது. ஐந்துக்கு முப்பத்தாறு. சேதுவின் போனை நடுவில் ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து நாலு தலைகள் குனிந்திருந்தன.

"மேகண்ணே" என்றான் பாண்டித்துரை, "வீட்டுக்கு மாடியும் எடுத்துறலாம் போலயே. ஏசி போட்டுருவியா மாடியில?"

"ஏசியா? ஏங்காதுல இருக்க சத்தம் போதும்டா சாகுற மட்டுக்கும்."

ஐந்து இருபத்தைந்துக்கு முப்பத்தெட்டு. கார்மேகம் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சார், எனக்குப் போதும். வித்துருங்க."

"இன்னும் ஏறும் கார்மேகம்."

"ஏறட்டும் சார். ஏறுறது ஏறுறவனுக்கு. பதினாலுக்கு வாங்குனது முப்பத்தெட்டு. வயிறு நெறஞ்சிருச்சு. எல இன்னும் இருக்கேன்னு உக்காந்திருக்க முடியுமா?"

"எனக்கும் போதும், கலாஸ்" என்றான் பாண்டித்துரை. வைரவன் தலையாட்டினான்.

சேது டம்ளரில் சாய்ந்திருந்த போனைக் கையில் எடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே. அங்க இப்ப மணி பத்தரை ஆகப்போகுது. வெள்ளிக்கிழமை."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பத்தரை, பன்னெண்டு. ராகு காலம்ல?" என்றான். "வாங்குறது விக்கிறதெல்லாம் நீங்க நேரம் பாத்துத்தான செய்யச் சொல்வீங்க. விக்கிற எடம் நியூயார்க்கு. அந்த ஊரு நேரத்தத்தான பாக்கணும்?"

முப்பது வருடமாகக் கேலி செய்த வாய். அத்தனை பேருக்கு முன்னால் அது என்னைக் கேட்கிறது. எனக்கு அந்தக் கணத்தில் உண்டான நிறைவை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர் நேரம்தான்" என்றேன். "ராகு காலத்துல கை வைக்க வேண்டாம். நமக்கு ஏழு மணிக்கு முடியும். ஏழுக்கு வித்துரலாம்."

"ராகு நியூயார்க்குக்கும் போறாராய்யா?" என்றான் பாண்டித்துரை.

"சூரியன் போற எடமெல்லாம் போவார்."

"ஐயா சொன்னாச் சரி" என்றார் கார்மேகம். பேச்சு அத்தோடு முடிந்தது.

சும்மா உட்கார அவருக்கு வராது. படுக்கையறை ஏசி அரைகுறையாகத்தான் குளிரூட்டுகிறது என்று ஷியாமளா சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். "ஒண்ணரை மணி நேரம் கெடக்குல்ல" என்று எழுந்து போனார். பின்னாலேயே சேதுவும் போனோடு போனான், டூல் எடுத்துக் கொடுக்கிறேன் என்று. நான் கதவோரம் நாற்காலியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்மேகம் முன்மூடியைக் கழற்றி, ஃபில்டரை உருவி, பாத்ரூமில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். தண்ணீர் பழுப்பாக ஓடியது. தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அவர் கை அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு பழைய பல்துலக்கியை வைத்துத் தகட்டுப் பற்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். காதை வைத்துக் கேட்டார். "ஃபேன் நட்டு ஒண்ணு லூசு. அதான் இந்தத் தாளம்." கட்டிலில் உட்கார்ந்திருந்த சேது, போன் இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான்.

ஐந்து ஐம்பதுக்கு நாற்பத்தொன்றைத் தொட்டது. பாண்டித்துரை ஹாலிலிருந்து தன் போனில் பார்த்துக் கத்திச் சொன்னான். கார்மேகம் சிரித்துக்கொண்டே நட்டை முடுக்கினார்.

ஆறு பத்துக்கு வியாபாரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்கள். தாறுமாறாக ஆடும்போது அப்படிச் செய்வார்களாம். மறுபடி திறந்தபோது முப்பத்தொன்று. பிறகு இருபத்தாறு. கார்மேகம் ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தார்.

"ஐயா, வித்துரலாமா?"

சேது அவருக்குப் பின்னால் நின்றான். அவன் வாயைத் திறக்கவில்லை.

"இன்னும் ராகு காலம் முடியல" என்றேன். "இந்த ஆட்டமே அதனாலதான். ஏழு ஆகட்டும். நிமிந்திரும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போனை யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. ஏழு அடித்தபோது பன்னிரண்டரை.

"பக்ரீத்து முடிஞ்சிருச்சு" என்றான் வைரவன்.

வாங்கிய விலைக்கும் கீழே வந்துவிட்டதால் விற்க மனம் வரவில்லை. திங்கள்கிழமை ஆறு டாலருக்கு விற்றோம் என்று பிறகு சேது சொன்னான். கிளம்பும்போது கார்மேகம் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்து, ஏசிக்கு அடியில் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் தம்பியைத் தேற்றலாம் என்று போனேன். அவனும் ஷியாமளாவும் வெளியே போயிருந்தார்கள். நித்தின் மட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க பெரியப்பா. நேத்து டைமிங் பாத்தீங்களா? சூப்பர் எக்ஸிட்."

"என்ன எக்ஸிட்?"

"நம்ம ஷேர். அப்பா மெசேஜ் வந்த உடனே கடை ஸ்டாக் ரூமுக்கு ஓடிட்டேன். நாற்பதுல போச்சு."

"யார் ஷேர்?"

"நம்மளது பெரியப்பா. என் அக்கவுண்ட்ல இருந்தது. கார்மேகம் அங்கிளோடது அப்பா அக்கவுண்ட். அதையும் அப்பவே வித்திருப்பார்ல?"

போனை நீட்டினான். தமிழைப் படிக்க அவனுக்குத் தெரியாது. சேது ஆங்கில எழுத்தில் தமிழை அனுப்பியிருந்தான். எல்லாத்தையும் வித்துரு, உடனே. நேரம் ஐந்து நாற்பத்தொன்று.

பழைய பல்துலக்கி நினைவுக்கு வந்தது. லூசு நட்டும், மடியில் இருந்த கையும் நினைவுக்கு வந்தன.

அவர்கள் வரும்வரை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். சேது என் முகத்தைப் பார்த்ததும் மகனை பகாலாக் கடைக்குத் தயிர் வாங்க அனுப்பினான்.

"அவன்கிட்ட ஏண்ணே கேட்டீங்க?"

"கேக்கல. அவனாச் சொன்னான். மறைக்கணும்னு அவனுக்குத் தெரியல. அந்த மட்டுக்கும் நல்லாத்தான் வளத்திருக்க."

"பயந்துட்டேண்ணே. நம்மளது மொதல்ல வெளிய வரட்டும்னு…"

"பயந்தவன் அவங்களுக்கும் சேத்துல்ல பயந்திருக்கணும். அவர் ஒன் மொகத்துக்கு நேரா வித்துருங்கன்னாரு. ஒன் கையில போன் இருந்துச்சு."

"இன்னும் ஏறும்னுதான் நெனச்சேன். அவங்களுக்கும் நல்லதுதான."

"ஏறும்னு நெனச்சவன் ஒன்னுத ஏன் வித்த?"

அவன் கதவுச் சாவியை மேஜையில் வைத்தான். நானே சொன்னேன். "ஏறுனா அவங்க லாபத்துல அஞ்சுல ஒண்ணு ஒனக்கு. எறங்குனா ஒன்னுது பத்திரம். ரெண்டு பக்கமும் நீ நனையல. அப்படித்தான?"

படுக்கையறையிலிருந்து குளிர் நன்றாக வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"ராகு காலத்த ஏன் இழுத்த?"

"நான் வெயிட் பண்ணுங்கன்னா பாண்டித்துரை ஆயிரம் கேள்வி கேப்பான்." தரையைப் பார்த்துச் சொன்னான். "நீங்க சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

அவன் என்னிடம் சொன்ன உண்மைகளில் அதுதான் பெரியது.

"வித்த பணத்துல கார்மேகத்துக்குக் குடு. அவர் போட்டதையாவது குடு."

"குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ணே. நாளைக்கு பாண்டித்துரை ஊரெல்லாம் சொல்வான். கம்பெனியில நான் தலை நிமிர முடியாது."

இதுவரை சும்மா இருந்த ஷியாமளா வாயைத் திறந்தாள். "அத்தான், கோவிச்சுக்காதீங்க. வெளிய தெரிஞ்சா யார் பேரு கெடும்? எங்க வீட்ல பொறந்தவன்னு அவங்ககிட்ட வாக்குக் குடுத்தது நீங்கதான? ஏழு மணிக்கு விக்கலாம்னு சொன்னதும் நீங்கதான? குடும்ப மானம், குடும்ப மானம்னு கல்யாணமான நாள்ல இருந்து ஒங்ககிட்டதான் கேட்டுக்கிட்டிருக்கேன். ராகு காலம்னே இருந்துட்டுப் போகட்டும். அந்த மூணு பேரும் அப்படித்தான் நம்புறாங்க. நம்பிட்டுப் போகட்டுமே."

எழுந்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தாள். குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் பிரேக் ஷூ அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மதியம் மற்றவர்கள் குபூஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது தட்டியது. நியூயார்க்கில் ஜூன் மாதம் சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும்?

ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் தாள் எழுதியதில்லை. அந்த வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. சேது காலண்டர் நேரத்தைச் சொன்னான். நான் ஆமாம் போட்டேன். போனில் பார்த்தேன். உதயம் ஐந்து இருபத்துநாலு. அடைவது எட்டரை. பதினைந்து மணி நேரப் பகல். ஓர் அட்டைப் பெட்டியின் முதுகில் எட்டாகப் பங்கிட்டேன். நாலாவது பங்கு அவர்களுக்குப் பதினொன்று மூன்றுக்குத்தான் தொடங்குகிறது. நமக்கு மாலை ஆறு மூன்று.

மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆறு மூன்றுதான்.

கார்மேகம் 'போதும், வித்துருங்க' என்றபோது ராகு காலம் இல்லை. என் தம்பி மகனுக்குச் செய்தி அனுப்பியபோதும் இல்லை. நாற்பத்தொன்றைத் தொட்டபோதும் இல்லை. சரியான ராகு காலம் பிறந்து ஏழு நிமிடம் கழித்துத்தான் வியாபாரத்தை நிறுத்தினார்கள். அது சரிந்ததெல்லாம் அதற்குள்தான். என் கணக்கு தப்பவில்லை. நான்தான் கணக்குப் போடவில்லை.

இது எனக்கு மட்டும் தெரியும். சேதுவுக்குக்கூடத் தெரியாது.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் ஹோட்டலில் சாப்பிட்டேன். ஜூலை மாதத் தாளை எழுதவில்லை. கார்மேகம் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஜிலீப்புக்குப் போனேன்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ரூமில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாண்டித்துரை அடுப்படியில் நின்றான். வைரவன் தரையில் ஓர் அட்டைப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். சாரம் கட்டுகிறவனின் முடிச்சு; பெட்டி கிழிந்தாலும் கயிறு விடாது. கார்மேகம் கட்டிலிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"வாங்கய்யா. இம்புட்டுப் படி ஏறி வந்திருக்கீக."

"டிக்கெட் எத்தனை மணிக்கு?"

"காலையில ஒம்பதே முக்கால். நல்ல நேரம்தானய்யா? தாளு இன்னும் வரலையேன்னு வைரவன் கேட்டுக்கிட்டிருந்தான்."

ஃப்ரிட்ஜ் கதவில் ஜூன் தாள் இருந்தது.

"நல்ல நேரந்தான்" என்றேன்.

பாண்டித்துரை கரண்டியோடு திரும்பினான். "மேகண்ணன் வீடு கட்டப் போறதில்லய்யா. பரமக்குடியில ஏசி கடையில வேலைக்குச் சொல்லியிருக்காரு. கோடைக்கு மட்டும்."

"கடன உடன வாங்காம இருந்தாச் சரிதாண்டா" என்றார் கார்மேகம். என்னிடம் திரும்பினார். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? மீனாம்பா போன்ல கேட்டுக்கிட்டே இருக்கா. அன்னைக்கு நீங்க சொன்ன நேரம் சரியாத்தான இருந்துச்சு? ராகு காலத்துல அவசரப்பட்டிருந்தா இதுவும் மிஞ்சியிருக்காதுல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சேது பிழைத்தான், ஷியாமளா பிழைத்தாள், என் அப்பா பெயர் பிழைத்தது. அந்த வார்த்தை நாக்குக்கு வந்தும்விட்டது. அவர் முன்னங்கையின் தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியா இல்ல, கார்மேகம்" என்றேன். "ராகு காலம் அங்க ஆறு மூணுக்குத்தான். நான் உதயம் பாக்காம சொல்லிட்டேன். நீங்க போதும்னு சொன்னப்ப நேரம் நல்லாத்தான் இருந்துச்சு."

கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்னொண்ணு. சேது அவனோடத வித்துட்டான். தனியா, மகன் கணக்குல வச்சிருந்தான். அஞ்சு நாப்பத்தொண்ணுக்கு. வெல நாப்பது."

கார்மேகம் விரலில் எதையோ எண்ணிப் பார்த்தார்.

"அப்ப நான் ஃபேன் நட்ட முடுக்கிக்கிட்டிருந்தேன்" என்றார். "பதிமூணாம் நம்பர் ஸ்பேனரு கேட்டேன். எடுத்துக் குடுத்தாரு."

பாண்டித்துரை ஒரு கெட்ட வார்த்தையைத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தினான். "நான் போயி அவன் வீட்டு முன்னாடி…"

"நீ அடுப்பப் பாரு" என்றார் கார்மேகம்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை.

"ஐயா, நீங்க இதச் சொல்லியிருக்க வேணாம். நான் கெட்ட நேரம்னு நெனச்சுக்கிட்டுப் போயிருப்பேன். இருபத்தாறு வருசத்துல எம்புட்டோ கெட்ட நேரத்தப் பாத்தாச்சு; அதுல இதுவும் ஒண்ணு. நேரம் கெட்டுப்போச்சுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லலாம். ஆளு கெட்டுப்போச்சுன்னு எப்பிடிச் சொல்றது? சோறு போட்ட வீடு அது."

வைரவன் கயிற்றின் மிச்சத்தை அறுத்தான்.

"மீனாம்பாகிட்ட நேரந்தான்னு சொல்லிக்கிறேன்" என்றார். "இவய்ங்களும் வெளிய பேச மாட்டாய்ங்க. டேய், கேட்டுச்சா? பெரியவரு பேரு அடிபடக் கூடாது."

பாண்டித்துரை அடுப்பைப் பார்த்தபடியே நின்றான். வைரவன் தலையாட்டினான்.

எழுந்தேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன், கருவாடு நான் தொடுவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளை உரிக்கப் போனேன். ஓரம் கிழிந்தது.

"இருக்கட்டும்யா" என்றார் கார்மேகம். "இந்த ஊருக்கு அது சரிதான."

கதவு வரை வந்தார். "படியில லைட் மாஃபி, எரியாது. பாத்து எறங்குங்க."

நான் இறங்கி முடிக்கும் வரை மேலே நின்று தன் போன் வெளிச்சத்தை எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.